மகளுக்குப் பேச்சு வந்த காலம்

என் மகளுக்குப் பேச்சு வந்துகொண்டிருந்த காலத்தில் நான் அவள் காதுபட ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தேன். கோபதாபம் ஒன்றும் இல்லை. எனக்குத் திக்குவாய். அது அவளுக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது. எழுத்தில் திக்கல் இல்லை என்பதால்தான் இதை எழுதவாவது முடிகிறது.

எல்லா எழுத்தும் எனக்குப் பகை இல்லை. ‘வ’ சொன்ன பேச்சைக் கேட்கும். ‘ச’ கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வரும். ‘ப’தான் ஜென்ம விரோதி. உதடு இரண்டும் ஒட்டினால் ஒட்டினதுதான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும், வலது கால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பிக்கும். உள்ளே வார்த்தை குளித்து முழுகித் தயாராக நிற்கும், கதவுதான் திறக்காது. எதிரில் நிற்பவர்கள் ஒன்று தலையைக் குனிந்துகொள்வார்கள், இல்லை சிரிப்பை அடக்குவார்கள். தலையைக் குனிபவர்களைத்தான் எனக்கு இன்னும் பிடிக்காது.

என் நேரம், எனக்கு வாய்த்த மாமனார் ஊர் பழையசீவரம். செங்கல்பட்டில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க என்னால் ஆகாது. அதனால் அதைத் தாண்டியிருக்கிற வாலாஜாபாத்துக்கு வாங்கிக்கொண்டு வழியில் இறங்கிவிடுவேன். கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, “இன்னாயா, ஊரைத் தாண்டி வாங்கற? இறங்க மறந்துடுவோம்னா?” என்று சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து டிக்கெட் வாங்குவது அவள் வேலையாகிவிட்டது.

வேலையும் வாய்க்குத் தகுந்தபடிதான் பார்த்துக்கொண்டேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது நான். வருகிறவர்கள் பேச வேண்டும், நான் தட்ட வேண்டும். என் பேனரில் எழுத்துப் பிழை இருக்காது என்று ஒரு பேர் உண்டு. முதலாளிக்கு அதைவிடப் பிடித்தது நான் வாடிக்கையாளரிடம் வெட்டிக்கதை அடிக்க மாட்டேன் என்பது. அது என் ஒழுக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மகள் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில். எங்கள் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பது வழக்கம். யார் விரல் முதலில் படுகிறதோ அவர்களுடைய குணமும் பேச்சும் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று நர்ஸம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் என் அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு, துண்டைப் போட்டு மூடி, திருட்டுப் பொருள் மாதிரி வார்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். நர்ஸம்மா அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து துண்டை விலக்கினாள். பெற்றவன் நான்தானே என்று நானும் விரலை நீட்டினேன்.

அக்கா கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “நீ வாணாம்டா தம்பி. அவரு வரட்டும்.”

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், என் மாமா. கட்சிக் கூட்டமானாலும் கூழ் ஊற்றுகிற திருவிழாவானாலும் மைக்கைப் பிடித்தால் கரண்ட் போனால்தான் விடுவார். அன்றைக்கும் எங்கேயோ பேசிவிட்டுத்தான் வந்தார். நீட்டிய விரலை என்ன செய்வது என்று தெரியாமல் நான் சட்டைப் பையில் எதையோ தேடுவது போல் நின்றேன். அடுத்த கட்டிலில் இருந்த பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் செய்தது நியாயம் என்றே பட்டது, அதுதான் கேவலம்.

பிறகு வீட்டுக்கு வந்தோம். குழந்தை கவிழ்ந்தது, உட்கார்ந்தது, ஒருநாள் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு “ப்ப ப்ப ப்ப ப்ப” என்று ஆரம்பித்தது. குழந்தைகளுக்கு முதலில் வருவது உதட்டால் சொல்கிற எழுத்துகள்தான். பல் வேண்டாம், நாக்கை மடிக்க வேண்டாம், உதட்டை ஒட்டி விட்டால் போதும். எச்சில் குமிழி விட்டுக்கொண்டு காலையெல்லாம் அதே வேலையாகக் கிடந்தாள். முப்பது வருஷமாக நான் முட்டி மோதுகிற கதவை அவள் விளையாட்டாகத் திறந்து திறந்து மூடினாள். பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்பட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மா பேசினால் அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். அம்மா “காக்கா” என்றால் அவள் வாயும் சும்மா திறக்கும், சத்தம் வராது. இரண்டு நாள் கழித்து யாரும் கேட்காதபோது, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டு, “தாத்தா” என்று சொல்லிப் பார்ப்பாள். ‘க’ தொண்டையில் இருந்து வர வேண்டியது, அந்த வயசுக்கு எட்டாது, அதனால் நாக்கு நுனிக்குக் கிட்டே இருக்கிற ‘த’வை எடுத்துக்கொள்வாள். கூரையில் உட்கார்ந்த காக்காயைக் காட்டி “தாத்தா, தாத்தா” என்று அவள் கத்த, எதிர்வீட்டுக் கிழவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்து வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார். தண்ணி “தன்னி”, லைட் “யைத்து”, ரொட்டி “ஒத்தி”. வாழைப்பழத்தை மட்டும் அவள் முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டாள் என்று தெருவே மெச்சியது. எங்கள் தெருவில் எல்லாருமே அதை “வாயப்பயம்” என்றுதான் சொல்வார்கள்.

அந்த நாட்களில் நான் அவளிடம் நிறையப் பேசினேன். இதை நம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆட்டிடம், மாட்டிடம், பேச்சு வராத குழந்தையிடம் எனக்குத் திக்காது. மனைவி கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு மகளை மடியில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை முழுக்கப் பேசுவேன். பாப்பா, பப்பாளி, பம்பரம், பழையசீவரம் என்று வேண்டுமென்றே ‘ப’வாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொல்வேன். அவள் என் உதட்டுக்குள் விரலை விட்டு, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவாள். ஆனால் அவள் காது கொடுத்துக் கேட்கிறாள், கேட்டுப் பதில் சொல்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து அவளிடமும் எனக்குத் திக்க ஆரம்பித்துவிட்டது. அவளும் ஒரு ஆளாகிவிட்டாள், அவ்வளவுதான் காரணம்.

இரண்டு வயசு தாண்டி, வார்த்தையோடு வார்த்தை சேர்த்துப் பேச ஆரம்பித்த சமயம், ஒருநாள் தெருக் குழாயடியில் அது நடந்தது. அக்கா குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் என் மகளோடு நின்றிருந்தாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஏரிப் பக்கமிருந்து மாடுகள் வந்தன. மகள் கையை நீட்டி, “அத்த, மா மா மா மா… மாடு” என்றாள்.

அக்கா குழந்தையின் வாயை உற்றுப் பார்த்தாள். மகள் மறுபடியும், “மா மா மாடு வ வ வருது” என்றாள். அங்கே இருந்த பெண்கள் எல்லாரும், மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பி வண்டியை உதைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள்.

“என் வூட்டுக்காரரு தொட்டு வச்ச வாய் இது. எப்டி திக்கும்?” என்று அக்கா எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ கொயந்த எதிர்க்கவே பேசிக்கினு கீற. அது உன் வாயத்தான பாக்குது? ஒட்டிக்கிச்சி பாரு. பொம்பளப் புள்ளடா. நாளைக்கி கட்டிக் குடுக்க வாணாமா?”

எனக்கு வந்த பதில் ‘ப’வில் ஆரம்பித்தது. வாயைத் திறக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு முழுக்கக் கடையில் யாருடையதோ காதுகுத்து பேனரில் யானையும் மயிலும் ஒட்டிக்கொண்டிருந்தேன், மனசு குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் நிலம் இல்லை, நகை இல்லை. என் அப்பா அடுத்தவர் கழனியில் ஆள் வேலை செய்தவர். பிள்ளைக்கு என்று என்னிடமிருந்து போகக்கூடிய சொத்து இது ஒன்றுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். மைக் இல்லாத குறையைக் குரலில் சரிக்கட்டிக்கொண்டு சொன்னார்: “மாப்ள, தப்பா எடுத்துக்காத. கொயந்தைக்கு நல்லா பேச்சு படியற வரைக்கும் அது எதிர்க்க நீ மவுனமா இரு. பெரிய பெரிய சாமியாரெல்லாம் இருக்கறதில்லியா? அது மாதிரி நெனச்சிக்க.” நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குத் திக்கல் கிடையாது.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. “அவங்க சொன்னா நீ ஆடுவியா? கொயந்த எதிர்க்க பேசாம, அப்பால நீ எதுக்கு அப்பன்?” என்றாள். ஆனால் அவளுக்கும் உள்ளூர பயம் இருந்தது. குழந்தை “மா மா” என்று தட்டுகிறபோதெல்லாம் அவள் கண் என்னிடம் ஒரு நொடி வந்துவிட்டுப் போகும். அதைப் பார்த்த பிறகுதான் நான் உறுதியாக வாயை மூடினேன்.

வீட்டில் எனக்கென்று ஒரு பாஷை உண்டானது. மகளைக் கூப்பிட நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்பேன், ஓடி வருவாள். வேண்டாம் என்றால் கையை ஆட்டுவேன். தூங்கு என்றால் கன்னத்தில் கை வைத்துக் காட்டுவேன். மனைவியிடம் சொல்ல வேண்டியதை, அவள் அடுப்படியிலும் நான் கூடத்திலுமாக, வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். “குழம்புல உப்பு கம்மி” என்று அனுப்பினால் உள்ளேயிருந்து டிங் என்று சத்தம் கேட்கும், அதைத் தொடர்ந்து கரண்டியை வைக்கிற சத்தம் பலமாகக் கேட்கும். குழந்தை தூங்கிய பிறகு பேசலாம் என்றால், அதற்குள் அவள் அசந்து தூங்கிவிடுவாள். “எனுக்கும் சேத்தா மவுனம் இருக்க?” என்று ஒருநாள் கேட்டாள். அதற்கும் நான் போனில்தான் பதில் அனுப்பினேன்.

மழைக்காலம் முடிந்து அறுப்பு வருவதற்குள் குழந்தைக்குத் திக்கல் போய்விட்டது. போனது போன மாதிரி தெரியவே இல்லை. மாடு மாடாகவே வந்தது. ஏரி, டிராக்டர், முட்டை, கோபம், எல்லாம் தெளிவாக வந்தன. அந்த வயசில் வார்த்தை முந்தி வாய் பிந்தி எல்லாக் குழந்தைகளுக்கும் கொஞ்ச நாள் அப்படித் தட்டும், தானாகச் சரியாகிவிடும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெருவுக்குத் தெரிந்தது வேறு. “பாத்தியா, அவன் வாய மூடினான், கொயந்தைக்கு சரியாச்சி” என்று அக்கா குழாயடியில் சொன்னாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றுதான் நினைத்தேன். மருந்து வேலை செய்துவிட்டது, இனி மருந்தை நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? பேசாமலிருப்பதைத் தொடர்ந்தேன்.

அடுத்து வந்த ஜூனில் மகளைப் பால்வாடியில் சேர்த்தோம். கொண்டுபோய் விடுவது அக்கா, கூட்டிவருவது நான். சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து வண்டியில் வந்து, வாசலில் நின்று ‘டொக்’ என்பேன், அவள் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். டீச்சர் வெளியூர். பஸ்ஸில் வந்து போகிறவர், எங்கள் தெருக்கதை எதுவும் தெரியாதவர். முதல் நாள் அவர் என்னிடம் ஏதோ கேட்டார், மகள் காலைக் கட்டிக்கொண்டு நின்றதால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையால் உருண்டை பிடித்து வாயில் போட்டுக் காட்டி, கட்டை விரலை உயர்த்தினார். முட்டை முழுசாகச் சாப்பிட்டாள் என்று அர்த்தம்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அவர் என்னை ஊமை என்று முடிவு செய்துவிட்டார்.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘வ’வில் ஆரம்பிக்கிற ஏதாவது ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு தினமும் அப்படியே நடந்தது. தூங்கினாள், அழுதாள், நாளைக்கு லீவு, தடுப்பூசி போட வருகிறார்கள், எல்லாவற்றையும் அவர் கையால் சொல்வார், நானும் கையால் பதில் சொல்வேன். மற்ற அப்பா அம்மாக்களைவிட என்னிடம் அவர் தனியாக அன்பு காட்டினார். என்னை முதலில் அனுப்பிவிடுவார், நாற்காலி போடுவார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது சுகமாக இருந்தது. ஊமைக்கு இரக்கம் கிடைக்கிறது, திக்குவாய்க்குச் சிரிப்புதான் கிடைக்கிறது. பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் அப்படி நாற்காலி போட்டதில்லை.

பொங்கல் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குழந்தையின் அம்மா டீச்சரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தி ‘டொக்’ என்றேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, என்ன சத்தம் என்பது போல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் என் மகள் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து சொன்னாள்: “எங்கப்பாக்கு பேச்சு வராது. பாவம்.”

ஒரு எழுத்தும் தட்டவில்லை. ஒரு வார்த்தையும் முழுங்கவில்லை. ‘பாவம்’ என்கிறபோது டீச்சரைப் போலவே தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்த ‘வ’வை இழுத்து, பெருமூச்சோடு முடித்தாள். குழந்தைகள் வார்த்தையை மட்டும் கற்றுக்கொள்வதில்லை, சொல்கிறவர் முகத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை நாள் எத்தனை பேரிடம் டீச்சர் இதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு கச்சிதமாக வந்திருக்கும்! அவர் மேல் தப்பில்லை. அவரை அப்படி நம்ப வைத்தவன் நான். புதிதாக வந்த அம்மா “அய்யோ” என்று கண் கலங்கிவிட்டார். என் மகள் என் கையைப் பிடித்து, பார்வையில்லாதவரை நடத்திக்கொண்டு போவது மாதிரி, வண்டி வரைக்கும் கூட்டிவந்தாள். என்னைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று அவள் எப்போதோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வயசுப் பிள்ளை.

அவமானம் எனக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பட்டிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் என்னால் முடியாததற்காகப் பட்டது. இது முடிந்ததைச் செய்யாமல் இருந்ததற்காக. உடம்பெல்லாம் எரிந்தது.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். அவள் முன்னால் நின்றுகொண்டு வந்தவள், ஏன் என்று கையால் கேட்டாள். என்னிடம் அவளும் கையால்தான் பேசுவாள். அவளை இறக்கி எதிரில் நிற்க வைத்துக் குந்தினேன். சுலபமான வார்த்தை எதையாவது சொல்லி ஆரம்பித்திருக்கலாம். ஆனால் எனக்கு அவளைக் கூப்பிட வேண்டும் போல் இருந்தது. பாப்பா என்று. உதடு ஒட்டியது. ஒட்டியதுதான். கழுத்து இழுத்தது, கண் மூடிக்கொண்டது, கால் புழுதியில் தட்டியது.

கண்ணைத் திறந்தபோது அவள் கீழுதடு பிதுங்கி, அழுவதற்குத் தயாராக நின்றிருந்தாள். என் முகம் அப்படி ஆகிப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

“வலிக்குதாப்பா?” என்றாள்.

“இ… இ… இல்ல” என்றேன்.

அவள் அழுகையை மறந்துவிட்டாள். என் குரல் எங்கிருந்து வந்தது என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, என் கண்ணைப் பார்க்காமல், வாயையே பார்த்தாள். “இன்னொரு தபா சொல்லு” என்றாள். சொன்னேன். “இன்னொரு தபா.” சொன்னேன். என்னை மறுபடி சொல்லச் சொன்னவர்கள் எல்லாரும் ஒன்று சலிப்பில் சொன்னார்கள், இல்லை கிண்டலுக்குச் சொன்னார்கள். இவள் சர்க்கரை கேட்பது போல் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீடு வரைக்கும் மரம், கொக்கு, டிராக்டர் என்று வழியில் பட்டதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வார்த்தை முழுசாக வரவில்லை. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

தெருக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள், அக்காவும் இருந்தாள். வண்டி நிற்பதற்குள் மகள் குதித்து ஓடினாள்.

“அத்த! அத்த! அப்பாக்கு பேச்சு வந்துச்சி!”

எங்கள் பக்கம் குழந்தை பேச ஆரம்பித்தால் அப்படித்தான் சொல்வார்கள். அவளைப் பற்றித் தெருவே சொல்லிக் கேட்ட வார்த்தையை எனக்குச் சொன்னாள். இரண்டு பேர் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நிரம்பி வழிகிற குடத்தை நகர்த்தாமல் என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி சொல்ற?” என்றாள்.

“மெய்யாலுமே அத்த. அப்பா பேசுது.” மகள் திரும்பி வந்து என் விரலைப் பிடித்து அவர்கள் நடுவில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். “பேசுப்பா.”

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உண்மை. மத்தியான வெயில், எதிரில் அத்தனை பேர், எல்லார் கண்ணும் என் வாய் மேல். ஏரிக்கரையில் வராத அந்த வார்த்தைதான் மறுபடி வந்து நின்றது. வாயைத் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. கால் தட்ட ஆரம்பித்தது. யாரோ தலையைக் குனிந்தார்கள். நான் திக்கினால் மீதி வார்த்தையைத் தானே சொல்லி முடித்துவிடுவது சின்ன வயசிலிருந்து அக்காவுக்குப் பழக்கம். அவள் பொறுக்க மாட்டாமல் வாயெடுத்தாள்.

“நீ சொல்லாத அத்த” என்றாள் மகள். “அப்பா சொல்லும்.”

அக்கா வாயெடுத்தது அப்படியே நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்ன, இழுத்து இழுத்து, எச்சில் தெறிக்க, ஒரு வழியாக “பாப்பா” என்றேன்.

“இன்னாப்பா?” என்றாள்.